பாதி ஓடு, பாதி காங்கிரீட்

புத்தூரில் அந்த வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். ஒரே வீடு, இரண்டு கூரை. கிழக்குப் பாதியில் நாட்டு ஓடு, மேற்குப் பாதியில் காங்கிரீட். பாதித் தலை மழித்ததும் நடுவிலே எழுந்து வந்துவிட்ட ஆளைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கிழக்கே இருந்தவர் அற்புதசாமி வாத்தியார். மேற்கே இருந்தவன் அவருடைய தம்பி கிளமென்ட். வாத்தியாரின் மனைவி இருதயமேரி. அந்த ஓட்டுக்கூரையைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயாரத் திட்டியவள் அவள்தான். கடைசியில் அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தடுத்தவளும் அவள்தான்.

கூரைகளிடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறந்தது தொட்டியத்தில், வாழைக்கொல்லை ஓரத்துக் கீற்றுக் கொட்டகையில். தென்னங்கீற்றுக்கு ஆயுசு இரண்டு மழை. முதல் மழைக்குக் கறுக்கும், இரண்டாவது மழைக்கு மக்கும், மூன்றாவது மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும். யாரோ சொன்னார்கள் என்று அவள் அப்பா ஒருமுறை பனையோலை போட்டுப் பார்த்தார். அது நாலு வருஷம் பிடிவாதமாகத் தாங்கியது. ஐந்தாவது வருஷம் ஆடிக்காற்று வந்து அதை ஒரே மூச்சில் கிளப்பிக்கொண்டுபோய் அடுத்தவன் கொல்லையில் போட்டது. கூரையில்லாத வீட்டுக்குள் படுத்து நட்சத்திரம் பார்ப்பது சுகம் என்று சொல்பவர்கள் கூரையுள்ள வீட்டில் பிறந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஆகவே, ஐம்பத்தாறில் புத்தூர் மாப்பிள்ளை என்று பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி, வீடு என்ன வீடு என்று. ஓட்டு வீடு என்றார்கள். மாப்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார் என்பதும், தாயில்லாத வீடு என்பதும், எட்டு வயதில் ஒரு மைத்துனன் இருக்கிறான் என்பதும் அதற்கப்புறம்தான் அவள் காதில் விழுந்தன. தலையை ஆட்டிவிட்டாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடு சாகாது, சுட்ட மண்ணுக்கு ஏது சாவு? ஆனால் ஓட்டைத் தாங்குகிறது எல்லாம் சாகும். கைமரத்தைக் கரையான் தின்னும், வரிச்சல் ஈரத்தில் இற்றுப்போகும். பூனை துரத்தினால் ஓடு நகரும், காற்று அடித்தால் நகரும், சும்மா இருந்தாலும் நகரும். ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், சரியாகப் படுக்கைக்கு நேரே ஒழுகும். அதனால் வருஷம் தவறாமல் புரட்டாசிக் கடைசியில் ஜீயபுரத்திலிருந்து மூக்கன் வருவான். மொத்த ஓட்டையும் இறக்கி, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவான். அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பு கிடையாது. அடுப்பு மூட்டினால், வருஷம் பூராவும் ஓட்டில் ஏறிய புகைக்கரியும் அணில் கூடும் தேளும் சோற்றுப் பானையில்தான் விழும். கோவிலுக்குப் போனால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற அளவுக்கு அவள் ஓட்டைச் சபித்திருக்கிறாள். ஒருமுறை போட்டால், தான் சாகிறவரைக்கும் யாரும் ஏறிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு கூரை வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. நகை கேட்டவள் இல்லை, பட்டுப்புடவை கேட்டவள் இல்லை. காங்கிரீட் கேட்டாள்.

வாத்தியாருக்கு அது ஏறவில்லை. அவருக்கு ஓட்டின் மேல் ஒரு பக்தி. ஸ்ரீரங்கத்தில் தினமும் பார்க்கிறாராம், மூன்று தலைமுறையாக அதே ஓடு, அதே வீடு, ஒன்றும் ஆகவில்லையாம்.

இதற்கிடையில் அந்த எட்டு வயது மைத்துனன் அவள் கையில் வளர்ந்தான். தலையில் பேன் பார்த்தது அவள், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குறையைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, பேசுகிற அளவுக்கு அது பெரிதாகவும் இருந்ததில்லை, கிளமென்ட் வீட்டில் இருந்தவரைக்கும். படித்து முடித்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தான். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியதாக வளர்ந்தது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அந்தக் குரல் உத்தரத்தில் மோதித் திரும்பும்.

அந்த வீட்டில் செபமாலை எப்படி என்பதைச் சொல்லிவிட வேண்டும். அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பாதி சொல்வது வீட்டுப் பெரியவருடைய உரிமை. மாமனார் இருந்தவரைக்கும் அவர் சொன்னார். எழுபதில் அவர் கண்ணை மூடிய பிறகு வாத்தியார் சொன்னார். பதில் சொல்வது கிளமென்ட்டும் இருதயமேரியும். எல்லாம் முடிந்ததும் கருத்துக்களுக்காக, அதாவது வேண்டுதல்களுக்காக, ஒவ்வொரு பரலோக மந்திரம். நோயாளிகளுக்காக, இறந்துபோனவர்களுக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக என்று சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்.

எழுபத்திரண்டில் கிளமென்ட்டுக்கும் பேட்ரிசியாவுக்கும் கல்யாணம் ஆனது. புதுப்பெண் வந்ததும் வீட்டை இரண்டாகத் தடுத்தார்கள். கிழக்கு அண்ணனுக்கு, மேற்குத் தம்பிக்கு. நடுவில் எழுப்பிய சுவர் உத்தரத்து உயரத்தோடு நின்றது. அதற்கு மேலே முகடு வரைக்கும் முக்கோணமாகத் திறந்தே கிடந்தது. ஓட்டு வீட்டில் அப்படித்தான். அங்கே அடைத்தால் காற்று ஏது? அந்த வழியாக ஒரு வீட்டுத் தாளிப்பு மறு வீட்டுக்குத் தெரியும், ஒரு வீட்டு இருமல் மறு வீட்டுக்குத் தெரியும். வீடு இரண்டு, கூரை ஒன்று.

அந்த ஒரு கூரைதான் வினை வைத்தது. அடுத்த வருஷம் மூக்கன் ஏணியோடு வந்து நின்றபோது, என் பாதியைத் தொடவேண்டாம் என்று கிளமென்ட் சொல்லிவிட்டான். சீக்கிரமே காங்கிரீட் போடப்போகிறேன், நாளைக்கு எடுத்தெறியப்போகிற ஓட்டை இன்றைக்கு எதற்கு அடுக்கவேண்டும் என்பது அவன் நியாயம். ஸ்ரீரங்கத்தில் மூன்று தலைமுறை என்று வாத்தியார் ஆரம்பித்தார். அங்கே குரங்கு விரட்டுவதற்கென்றே வீட்டுக்கு ஒரு ஆள் சும்மா இருக்கிறார், இங்கே யார் இருக்கிறார்கள் என்றான் தம்பி. மூக்கன் பாவம், கிழக்குப் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, சுவருக்கு நேரே கோடு கிழித்த மாதிரி நிறுத்திவிட்டுப் போனான்.

புது அடுக்கும் பழைய அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஐப்பசியில் மழை கொட்டியபோது, சரியாகச் சுவருக்கு மேலே ஒழுகி இரண்டு பக்கமும் இறங்கியது. உன்னால்தான் என்றார் அண்ணன். உங்களால்தான் என்றான் தம்பி. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போகிறானாம் என்று வாத்தியார் ஒரு பழமொழியை எடுத்து விட்டார். வகுப்பில் பையன்களிடம் சொல்லிப் பழகிய வாய். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது சொன்னால் எவனுக்குத்தான் சுடாது?

"இனிமே உங்க கூரைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லண்ணே" என்றான் கிளமென்ட்.

சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தான். அவள் ஒழுகலுக்கு அடியில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, வளர்த்தவனை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணனோடு பேசாதவன் அண்ணியோடு மட்டும் பேசினால் அது அண்ணனுக்கு இன்னும் அவமானம் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். அவளோடும் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாத்தியார் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியைச் சொன்னார். பதில் சொல்ல இருதயமேரி வாயெடுத்தாள். அதற்குள் சுவருக்கு மேலே இருந்து அந்தப் பெரிய குரல் வந்தது. யோசித்துச் சொன்ன குரல் இல்லை. பதினேழு வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவனுக்கும் திக்கென்று இருந்திருக்கும். ஆனால் தொடங்கிய செபத்தை நடுவில் நிறுத்த முடியுமா? சண்டை அண்ணனோடுதானே, மாதாவோடு இல்லையே. வாத்தியாரும் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த மணியை நகர்த்தினார். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே போயின. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது அதுதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. காலையில் தெருக்குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போவார்கள். சாயங்காலம் ஆறரை ஆனால் ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார். வெளியூர்ச் சாமியார் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, இந்தக் குடும்பத்தை மெச்சுவதா திட்டுவதா தெரியவில்லை என்று சொன்னதாகக் கேள்வி.

சண்டையும் சும்மா இருக்கவில்லை. கருத்துக்கள் சொல்கிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. "பெரியவங்க பேச்சைக் கேக்காதவங்க மனந்திரும்பணும்னு ஒரு பரலோக மந்திரம்" என்பார் வாத்தியார். அதைப் பக்தியோடு சொல்லி முடித்துவிட்டு, பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குப் பரிசுத்த ஆவி புத்தி கொடுக்கவேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கருத்து வரும். இருதயமேரிக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஆனால் சேதி எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. கிளமென்ட்டுக்கு நைட் ஷிஃப்ட் மாறியது, பேட்ரிசியாவின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் அவள் கருத்தாகத்தான் கேட்டாள். ஒருநாள், நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. அன்றைக்கு அவள் சொன்ன பரலோக மந்திரம் தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அது வீறிட்டு அழுதால் இவள் இந்தப் பக்கத்திலிருந்து, "யாருடா எங்க தங்கத்தை அடிச்சது?" என்பாள். சுவருக்கு மேலே வருகிற குரலை அண்ணாந்து பார்த்து அது அழுகையை நிறுத்தும் என்று பேட்ரிசியா குழாயடியில் மற்றப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள்.

இருதயமேரிக்கு அது போதும். பகல் முழுக்க எப்படியோ போகட்டும், சாயங்காலம் அந்தக் குரல் வந்தால் போதும் என்று இருந்தாள். அந்த வருஷங்களில் அவள் ஓட்டைத் திட்டியதும் குறைந்தது. அதை அவளே கவனிக்கவில்லை.

பிறகு எழுபத்தேழு வந்தது. ஐப்பசிக் கடைசியில் அடித்த அந்தப் புயல் மழையைத் திருச்சிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு குடும்பமும் கோவில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒதுங்கின. அங்கேயும் வராந்தாவில் ஆளுக்கொரு மூலை. பக்கத்து ஷெட்டின் தகரக்கூரை கண்ணெதிரே காற்றாடி போலக் கிளம்பிப் போனது. எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் தென்னை சாய்ந்து, அப்பளத்தை நொறுக்கின மாதிரி நொறுக்கியது. தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால், இவர்கள் வீட்டில் பாதி ஓடு கொல்லையில் கிடந்தது. மிச்ச ஓட்டுக்கு அடியில் வரிச்சல் ஊறி உளுத்திருந்தது.

வாத்தியார் புது வரிச்சல் அடித்து, ஓடு வாங்கி, மூக்கனைக் கூப்பிட்டார். கிளமென்ட் கொத்தனார் நல்லுசாமியைக் கூப்பிட்டான். தெருவே கூரை ஆராய்ச்சியில் இறங்கியிருந்த நேரம் அது. தகரத்துக்கு ஆயுசு அடுத்த பெருங்காற்று வரைக்கும், ஷீட்டுக்கு ஆயுசு தேங்காய் விழுகிற வரைக்கும், காங்கிரீட் போட்டு ஒழுங்காகத் தண்ணீர் கட்டி ஆறவைத்தால் உங்கள் பேரன் காலத்துக்கும் தாங்கும் என்றார் நல்லுசாமி. பேரன் காலத்துக்கு வெயில் எப்படியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

எழுபத்தெட்டு தை மாதம் வேலை தொடங்கியது. மேற்குப் பாதி ஓடும் மரமும் இறங்கின. சுவருக்கு மேலே இருந்த முக்கோணத்தைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டே வந்தார்கள். அது முகடு வரைக்கும் ஏறவேண்டும். இல்லாவிட்டால் மேற்கே மொட்டைமாடியில் பெய்கிற மழை கிழக்கு வீட்டுக்குள் சாரலடிக்கும். நியாயமான வேலைதான். இருதயமேரி அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். காலையில் பெரிய முறம் அளவுக்கு இருந்த வெளிச்சம் மத்தியானம் சின்னத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மனசு கேட்கவில்லை. வேலையாட்களுக்கு மோர் கொடுக்கிற சாக்கில் நல்லுசாமியிடம் போய், மேலே ஒரு செங்கல் அளவுக்கு விட்டுவைக்க முடியுமா, காற்று வரும் என்று கேட்டாள்.

தாராளமாக விடலாம், ஆனால் சுவர் தம்பியுடையது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர். கேட்க வேண்டியது ஒரு வார்த்தைதான். கிளமென்ட் பத்தடி தள்ளி மணல் சலித்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்தான். எதற்கு நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிகூட இருந்தது. ஆனால் உள்ளே வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் காலி மோர்ச்செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் அடைப்பு முகட்டைத் தொட்டது. அதற்குப் பூச்சும் பூசினார்கள்.

சென்டரிங் பலகைகளைப் பிரித்து, அந்தப் பக்கம் குடிவந்த அன்றைக்குச் சாயங்காலம் வாத்தியார் வழக்கம்போலத் தொடங்கினார். முதல் பாதி முடிந்தது. சுவர் சுவராக நின்றது. அவர் காத்திருந்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், ஆனால் காத்திருந்தார். இருதயமேரி மெல்லிய குரலில் பதில் சொன்னாள். அதற்கப்புறம் அவர் செபத்தை வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தார், ரயிலைப் பிடிக்கப்போகிறவர் மாதிரி. தவக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. மனிதருக்கும் வலிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன? இரண்டு பேரும் ஒரே வலியை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அந்தப் பக்கம் அழுதால்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. அவள் ஆசைப்பட்ட கூரை அதுதான். அவள் தலைக்குமேல் வராமல் பக்கத்து வீட்டுக்கு வந்ததோடு, அவளிடம் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

சித்திரை பிறந்தது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சியில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. புதுக் காங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் அதை வீட்டுக்குள் இறக்கியது. ஃபேன் போட்டால் அனல் சுற்றியது. ஒருநாள் அந்தி நேரத்தில், மேற்குப் பக்கம் மாடிப்படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டது. குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம். வாத்தியார் செபமாலையைக் கையில் எடுத்தார். முதல் பாதியைச் சொன்னார்.

பதில் மேலேயிருந்து வந்தது.

கிளமென்ட் மொட்டைமாடியில் அந்த அடைப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். சுவரை ஒட்டி இந்தப் பக்கம் ஓட்டுச் சரிவு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஆயிரம் சந்து. மழையை விடுகிற சந்து குரலை விடாதா? காங்கிரீட்டுக்குக் கீழே இருந்தவரை கேட்காத குரல், காங்கிரீட்டுக்கு மேலே ஏறியதும் தெளிவாகக் கேட்டது. முன்னைவிட நெருக்கமாக, தலைக்கு நேர் மேலே. இருதயமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாத்தியார் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக, பழையபடி சொன்னார். அன்றைக்குக் கடைசியில் மழை பெய்யவேண்டும் என்று மேலேயிருந்து ஒரு கருத்து வந்தது. இந்த வெயில் காலம் நீளவேண்டும் என்று அவள் மனசுக்குள் ஒரு கருத்து வைத்துக்கொண்டாள். மாதா இரண்டையும் எப்படிச் சமாளித்தாளோ.

அப்படித்தான் அடுத்த ஆறு வருஷம். மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் குரல் உண்டு. மழைக்காலத்தில் இல்லை. ஊரெல்லாம் மழைக்கு ஏங்கும்போது இவள் ஒருத்தி வானத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள். இரண்டாவது வருஷமே காங்கிரீட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டது. மேற்குச் சுவரில் ஓதம் நிற்கவேண்டும் என்று ஒருநாள் மேலேயிருந்து ஒரு கருத்து வந்தபோது, வாத்தியார் அதற்கான பரலோக மந்திரத்தில் கலந்துகொண்டார். சிரித்துக்கொண்டேதான் கலந்துகொண்டார்.

எண்பத்து நாலில் அவர் ரிட்டையர் ஆனார். ஒரு சித்திரை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓடு ஓடு என்று நின்றவர்தான். ஆனால் மூக்கனுக்கு வயதாகி வருவது நின்றுபோய், மூன்று வருஷமாகச் சரியான ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மழையில் அவள் அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருந்தார். மேரி, இந்த வருஷம் காங்கிரீட் போட்டுவிடலாம் என்றார். நல்லுசாமியிடம் பேசியாகிவிட்டது, நாளைக்கு அளவெடுக்க வருகிறார். அவர் சொன்ன விதத்திலேயே ஒரு பெருமை தெரிந்தது. மனைவி ஆயுசுக்கும் கேட்ட ஒரே பொருளைக் கடைசியில் வாங்கிவந்த மனிதருடைய பெருமை.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். வேண்டாங்க என்றாள். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். ஏன் என்றார். ஓடு குளிர்ச்சி என்றாள். ஷீட் போடலாமா என்றார், அடியில் தட்டி அடித்து மறைத்துவிட்டால் சூடு தெரியாது. அதுவும் வேண்டாம் என்றாள். மரமெல்லாம் உளுத்துவிட்டது, தலையில் விழுந்தால் என்ன செய்வாய் என்றார். விழுந்தால் விழட்டும் என்றாள். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஓட்டைச் சொல்லிச் சொல்லி என்னைக் குத்தினாயே, இப்போது போடுகிறேன் என்றால் வேண்டாமா, என்னை என்ன என்று நினைத்தாய் என்று கத்தினார். நியாயமான கோபம். அவள் எச்சில் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"காங்கிரீட் போட்டா அவன் குரல் வராதுங்க" என்றாள். "நான் வளர்த்த பிள்ளை. பதினோரு வருஷமா அண்ணின்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்குக் கெடைக்கிறது அந்தக் குரல் ஒண்ணுதான். அதையும் அடைச்சுப்புட்டு நான் எந்தக் கூரைக்குக் கீழ இருக்கறது?"

வாத்தியார் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

அன்றைக்குச் செபமாலையை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். மேலேயிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. கடைசி மணியும் முடிந்தது. கருத்துக்களுக்கான இடம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரிக்குக் காங்கிரீட் போட்டுக் குடுக்கணும்னு நெனச்சேன். வேண்டாங்கிறா. போட்டா தம்பி குரல் கேக்காதாம். அவளுக்காக ஒரு பரலோக மந்திரம்."

சொல்லிவிட்டுத் தொடங்கினார். முதல் பாதி முடிந்தது. மேலேயிருந்து வரவேண்டிய அடுத்த பாதி வரவில்லை. பேட்ரிசியாவின் குரலும் வரவில்லை. மகள் ஏதோ கேட்டாள்; அவளையும் யாரோ அடக்கினார்கள். இருதயமேரி புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். புருஷன் தன் ரகசியத்தைத் தெருவுக்குச் சொல்லிவிட்டாரே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. எங்கேயோ பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணி" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஓட்டைப் பார்த்து, "சொல்லுப்பா" என்றாள்.

"மேல வாங்க அண்ணி. இங்க காத்தா இருக்கு."

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. இப்போதும் கேட்கவில்லை. செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வாசல் வழியாக வெளியே இறங்கி, மேற்குப் பக்கத்துப் படியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாலு படி ஏறியதும் பின்னால் காலடி கேட்டது. வாத்தியார் கையில் செபமாலையோடு வந்துகொண்டிருந்தார். அழைக்காத வீட்டுக்கு வருகிற முகம்.

"மந்திரம் பாதியில நிக்குது. பாதியில விடக்கூடாது" என்றார், யாரும் கேட்காமலே.

கிளமென்ட் எழுந்து பாயில் இடம் விட்டான். பேட்ரிசியா மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து அண்ணியின் மடியில் சாய்த்தாள். வாத்தியார் தள்ளித்தான் உட்கார்ந்தார், ஆனால் உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து கிளமென்ட் அடுத்த பாதியைச் சொன்னான். இத்தனை வருஷம் கூரை வழியாகப் பெரிதாகக் கேட்ட குரல், முழங்கைத் தூரத்தில் கேட்கும்போது சின்னதாக இருந்தது. கொஞ்சம் கரகரத்தது. காதோரம் நரைத்திருந்தது அவனுக்கு. அதைத் தான் இத்தனை நாள் பார்க்கவேயில்லையே என்று இருதயமேரி அழுதாள். அழுதுகொண்டே ஆமென் சொன்னாள்.